ஒரு சக்கரம் மட்டும் ஏன் கறுத்தது?

ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் எனக்கு இரட்டை வேலை. ஒரு பக்கம் சுண்டலுக்கு ஊறப் போட்டு, பொரி கடலை வாங்கி வைத்து, சாமி படங்களைத் துடைக்க வேண்டும். இன்னொரு பக்கம் காரைக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும். வீட்டில் காரை ஓட்டுகிறவள் நான்தான். என் கணவர் ரயிலில் அலுவலகம் போய் வருகிறவர். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, பெண்ணை டியூஷனில் விடுவது, மாதச் சாமான் வாங்கி வருவது எல்லாம் என் பொறுப்பு. முப்பத்தெட்டு வயதில்தான் ஓட்டக் கற்றுக் கொண்டேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

2024-ஆம் வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் வாளியும் துணியுமாக உட்கார்ந்து சக்கரங்களைத் துடைத்துக் கொண்டிருந்தேன். முன் சக்கரங்கள் இரண்டிலும் வழக்கமான தூசி. பின்னால் வலது பக்கம் லேசான தூசிதான், ஒரே துடைப்பில் போய்விட்டது. இடது பக்கம் வந்தேன். கரிச் சட்டி தோற்றது, போங்கள்! மாவு மாதிரி கறுப்புப் பொடி அப்பிக் கிடந்தது. சோப்புப் போட்டு மூன்று தடவை துடைத்தும் துணி கறுப்பாகவே வந்தது.

"என்னங்க, இந்த ஒரு சக்கரம் மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"தெருவுல அந்தப் பக்கம் சேறு ஜாஸ்தி. கழுவிட்டு உள்ளே வா, மாவிலை கட்டணும்" என்றார் அவர்.

எனக்குச் சமாதானமாகவில்லை. சேறு வேறு, கரி வேறு என்பது பாத்திரம் தேய்க்கிறவளுக்குத் தெரியாதா?

கவலைப்பட இன்னொரு காரணமும் இருந்தது. என் அக்கா வீடு ஏற்காட்டில். அக்காவுக்குக் காலில் எலும்பு முறிந்து படுக்கையில் இருந்ததால், அவள் மகளுக்குப் பிரசவம் பார்த்தது இங்கே சென்னையில், என் வீட்டில்தான். குழந்தைக்கு அப்போது நாலு மாதம் முடிந்து ஐந்து நடந்து கொண்டிருந்தது. தாயையும் பிள்ளையையும் அடுத்த பத்தாம் நாள் காரில் கொண்டு போய் விடுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைக் கூட விடுங்கள். அத்தனையும் திரும்பி இறங்க வேண்டும்!

அப்படித்தான் இருக்கும், மேடம்!

எங்கள் கார் 2010-ஆம் வருஷத்து மாடல். நாலு சக்கரங்களிலுமே டிஸ்க் பிரேக். பின் சக்கரத்துப் பேட்களை அதே 2024 பிப்ரவரியில்தான் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் மாற்றியிருந்தோம். அப்போது 'கிறீச்' என்று சத்தம் வந்தது, புதுப் பேட் போட்டார்கள், சத்தம் நின்றது, பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். ஏன் தேய்ந்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பூஜை முடிந்ததும் திரும்ப அதே இடத்துக்குப் போனேன். அரை மணி நேரத்தில் ஒரு பையன் சீட்டோடு வந்தான். இடது பின் சக்கரத்தில் பேட் தீர்ந்து விட்டதாம். பின்னால் நாலு பேட், இரண்டு டிஸ்க் எல்லாம் புதுசு போட வேண்டுமாம். கூலியோடு பதினாலாயிரம் ரூபாய்.

"எட்டு மாசம்தானே ஆச்சு? அதுவும் ஒரு பக்கம் மட்டும் ஏன் தேயணும்?" என்றேன்.

"பழைய வண்டி மேடம். அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. செருப்பின் குதிகால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் செருப்பு பழசு என்றா சொல்வோம்? நடையில் ஏதோ கோணல் இருக்கிறது என்று பார்க்க மாட்டோமா? கோணலைப் பார்க்காமல் புதுச் செருப்பு வாங்கினால் அதுவும் அதே மாதிரிதானே தேயும்? வண்டியை எடுத்துக் கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபது வயதிருக்கும். எல்லாரும் 'பாய்' என்றே கூப்பிடுவார்கள். தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள், அவ்வளவுதான் கடை. என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "பேட் எங்கேயும் போயிடாதும்மா. ஏன் தின்னுதுன்னு முதல்ல பார்ப்போம்."

டிஸ்க் பிரேக் வேலை செய்வது எப்படி?

பாய் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நமக்குப் புரியாத விஷயம் ஒன்றும் இல்லை.

சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். அதன் உள்பக்கம் ஒரு பேட், வெளிப்பக்கம் ஒரு பேட். இரண்டையும் இடுக்கி போலப் பிடித்திருப்பது காலிப்பர். எங்கள் கார் மாதிரி பெரும்பாலான வண்டிகளில் காலிப்பரின் உள்பக்கம் மட்டும் ஒரு பிஸ்டன் இருக்கிறது. நாம் பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அந்தப் பிஸ்டனைத் தள்ளும். உள் பேட் டிஸ்க்கை அழுத்தும். உடனே காலிப்பர் முழுவதும் உள்பக்கமாக நகர்ந்து வெளிப் பேட்டையும் இழுத்து வந்து அழுத்தும். அப்படி நகர்வதற்கு இரண்டு வழவழப்பான கம்பிகள் உண்டு. கைட் பின் என்கிறார்கள். மேஜை டிராயர் நகர்வதற்கு இரண்டு பக்கமும் தடம் இருக்கிறதே, அந்த மாதிரி. ஒரு பக்கத் தடம் பிடித்துக் கொண்டால் டிராயர் கோணலாக மாட்டிக் கொள்ளும் அல்லவா? இங்கேயும் அதே கதைதான்.

பின் சக்கரத்தில் கூடுதலாக ஒரு சமாசாரம் இருக்கிறது: ஹேண்ட் பிரேக். எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஒரு கேபிள் காலிப்பரின் முதுகில் உள்ள சின்ன லீவரை இழுக்கும். அந்த லீவர் அதே பிஸ்டனைத் தள்ளி, அதே பேட்களை அழுத்தும். ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் லீவர் முழுவதும் திரும்பி வந்துவிட வேண்டும். கொஞ்சம் மீதி நின்றாலும் போதும், பேட் டிஸ்க்கை உரசிக் கொண்டே வரும். நாம் பிரேக் போடாமல் போனாலும் அது பிரேக் போட்டுக் கொண்டே வரும்! (சில கார்களில் ஹேண்ட் பிரேக்குக்கென்று டிஸ்க்கின் நடுவில் தனியாகச் சின்ன டிரம் இருக்கும். அவற்றில் ஹேண்ட் பிரேக் கோளாறு பேட்டைத் தின்னாது.)

காரை நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன் சக்கரங்கள்தான் செய்கின்றன. ஆகையால் எங்கள் மாதிரிப் பழைய கார்களில் பின் பேட்கள் முன் பேட்களை விட அதிக நாள் உழைக்க வேண்டும். முன் பேட் நன்றாக இருக்கும்போது பின் பேட் தீர்ந்து போனால் அதுவே ஒரு நோய்க்குறி.

செய்தித்தாளில் நாலு பேட்

பாய் சக்கரங்களைக் கழற்றி, நாலு பேட்களையும் எடுத்து, எது எங்கே இருந்தது என்று குழம்பாமல் ஒரு செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். வலது உள், வலது வெளி, இடது உள், இடது வெளி. வலது பக்கத்து இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம். ஆறு மில்லி மீட்டருக்குக் குறையாது. இடது வெளிப் பேட் கொஞ்சம் குறைவு, அதுவும் சாய்வாக ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. இடது உள் பேட்டில் மருந்துக்கு ஒரு மில்லி மீட்டர்தான் பாக்கி. அதற்கப்புறம் வெறும் இரும்புத் தகடு!

பேட் மூன்று மில்லி மீட்டருக்கு வந்ததுமே மாற்றுவது நல்லது என்றார் பாய். வெளியே நின்று சக்கர இடுக்கு வழியாகப் பார்த்தால் நம் கண்ணுக்குத் தெரிவது வெளிப் பேட் மட்டுமே. அது நன்றாக இருந்தால் 'பிரேக் நன்றாக இருக்கிறது' என்று நினைத்துக் கொள்வோம். உள் பேட் தீர்ந்தது தெரியவே தெரியாது. எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த ஒரு மில்லி மீட்டரை நம்பியா பச்சைக் குழந்தையை மலை ஏற்றி இறக்கப் பார்த்தேன்?

தேய்மானத்தைப் பார்த்தே நோயை ஓரளவு ஊகிக்கலாமாம். பாய் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். உங்களுக்கும் தருகிறேன்:

1. உள் பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்தால்: பிஸ்டன் திரும்பி வரவில்லை, அல்லது ஹேண்ட் பிரேக் முழுவதும் விடவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். கைட் பின் இறுகிப் போனாலும் சில சமயம் இப்படி ஆகும்.

2. வெளிப் பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்தால்: காலிப்பர் நகராமல் கைட் பின் பிடித்திருக்கும். பிரேக்கை விட்ட பிறகும் வெளிப் பேட் விலகாமல் உரசிக் கொண்டிருக்கும்.

3. ஒரே பேட் ஒரு முனையில் கனமாகவும் மறு முனையில் மெல்லியதாகவும் இருந்தால்: இரண்டு பின்களில் ஒன்று மட்டும் பிடித்திருக்கலாம். பேட் உட்காரும் இடத்தில் துரு ஏறி, பேட் கோணலாக மாட்டியிருக்கவும் கூடும்.

4. ஒரு சக்கரத்தின் இரண்டு பேட்களும் தேய்ந்து, மறு சக்கரத்தில் தேயாமலே இருந்தால்: தேய்ந்த பக்கத்தில் பிடிப்பு இருக்கலாம். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போய், ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்துக் கொண்டிருக்கலாம். ஆனால் தேயாத பக்கம்தான் நல்ல பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்! அந்தப் பக்கம் பிரேக் வேலையே செய்யாமல் இருக்கலாம். ஒரு வீட்டில் ஒரு மருமகள் கை தேய்ந்து, இன்னொருத்தி கை பளபள என்று இருந்தால் என்ன அர்த்தம்? வேலை முழுவதும் ஒருத்தி தலையில் என்று அர்த்தம். வேலை செய்யாத சக்கரத்தின் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும். வேலை செய்கிற டிஸ்க் பளிச்சென்று இருக்கும்.

5. பின் சக்கரம் இரண்டிலுமே சீக்கிரம் தேய்ந்தால்: ஹேண்ட் பிரேக்கை அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருக்கலாம். அதை முழுவதும் இறக்காமல் ஓட்டுகிற பழக்கமும் காரணமாக இருக்கலாம்.

மூன்று சோதனைகள்

ஊகம் போதாது, உறுதி செய்ய வேண்டும் என்றார் பாய். பழைய பேட்களைத் திரும்ப மாட்டி, பின் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். "உள்ளே ஏறி உட்காரும்மா. நான் சொல்றப்ப மிதி, சொல்றப்ப விடு" என்றார். பெடல் என்னிடம், சக்கரம் அவரிடம்.

முதல் சோதனை: ஹேண்ட் பிரேக்கை இறக்கி, பெடலைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது சக்கரம் லேசான உரசல் சத்தத்தோடு இரண்டு சுற்று சுற்றி நின்றது. இடது சக்கரம் கையை எடுத்ததும் நின்றது.

இரண்டாவது: நான் பெடலை நன்றாக மிதித்து விட்டேன். மறுபடி சுற்றினார். இடது சக்கரம் முன்னை விட இன்னும் கொஞ்சம் இறுகியது.

மூன்றாவது: ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முழுவதும் இறக்கினேன். இப்போது இடது சக்கரம் அசைய மறுத்தது. இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

"பார்த்தியாம்மா? பெடலுக்கு அப்புறம் கொஞ்சம், ஹேண்ட் பிரேக்குக்கு அப்புறம் ரொம்ப. ரெண்டு இடத்துல கோளாறு இருக்கு" என்றார்.

காலிப்பர் முதுகில் இருந்த அந்தச் சின்ன லீவரைக் காட்டினார். ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கும்போது அது தன் தடுப்பில் போய் முட்டி உட்கார வேண்டும். வலது பக்கம் உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் ஒரு விரல் இடைவெளி. இப்போது குற்றவாளி கேபிளா, காலிப்பரா? கேபிளின் முனையை லீவரிலிருந்து கழற்றினார். 'டக்' என்று லீவர் தன் இடத்துக்குப் போய்விட்டது! காலிப்பர் நல்ல பிள்ளை, கேபிள்தான் துருப்பிடித்து உறைக்குள் சிக்கியிருக்கிறது என்று தெரிந்தது. கேபிளைக் கழற்றியும் லீவர் திரும்பாமல் இருந்திருந்தால் காலிப்பருக்கே வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

பெடலுக்கு அப்புறம் இறுகியதற்குக் காரணம் கைட் பின். மேல் பின் விரலால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின்னைச் சுத்தியலால் தட்டி, முறுக்கி, பத்து நிமிஷம் போராடித்தான் எடுத்தார். அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே தண்ணீர் போய், கம்பி முழுவதும் செந்துரு. வெளிப் பேட் சாய்வாகத் தேய்ந்ததன் ரகசியம் அதுதான்.

ஹோஸையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோளாறு ஹோஸில் இருந்தால், சக்கரம் இறுகி நிற்கும்போது காலிப்பரில் காற்று எடுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபடும். எங்கள் வண்டியில் அப்படி விடுபடவில்லை. ஆக ஹோஸ் நிரபராதி.

தண்ணீர் எப்படிப் போனது?

"வண்டி தண்ணியில நின்னுச்சா?" என்று கேட்டார் பாய்.

எனக்குச் சுரீர் என்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வேளச்சேரிப் பக்கம் எப்படி மிதந்தது என்பது ஊருக்கே தெரியும். எங்கள் தெருவில் காரின் சக்கரம் முக்கால்வாசி தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு என்ஜினை மட்டும் காட்டி, 'ஸ்டார்ட் ஆகிறது, நல்ல காலம்' என்று திருப்திப்பட்டுக் கொண்டோம். அதற்கு மேல் நான் செய்த புத்திசாலித்தனம், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு இரண்டு வாரம் வண்டியைத் தொடாமல் விட்டது. இழுத்த நிலையிலேயே கேபிள் துருப்பிடித்திருக்கிறது.

என் தப்பு இன்னொன்றும் உண்டு. ஆயுத பூஜைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வண்டியை நிறுத்தி இறங்கும்போது ஒரு தீய்ந்த வாடை வரும். அடிப்பிடித்த குக்கர் மாதிரி. 'யாரோ குப்பை கொளுத்துகிறார்கள்' என்று மூக்கைப் பொத்திக் கொண்டு உள்ளே போய்விடுவேன். பெட்ரோலும் முன்பை விடச் சீக்கிரம் தீர்ந்தது. அதை விலைவாசிக் கணக்கில் எழுதிவிட்டேன். வண்டி மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறது. நான்தான் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

வைத்தியம்

ஹேண்ட் பிரேக் கேபிள் புதுசு. கைட் பின்னைத் துரு எடுத்து வழவழப்பாக்கி, புது ரப்பர் உறை போட்டு, அதிகச் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் போய் மறுபடி பிடித்துக் கொள்ளுமாம். கிரீஸ் கை டிஸ்க்கிலோ பேட் முகத்திலோ படவே கூடாது.

புதுப் பேட்களை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிடிப்பு சமமாக இருக்காது. கனமான புதுப் பேட்டுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே அனுப்ப வேண்டும். எங்கள் வண்டி மாதிரி ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்த காலிப்பரில் அதைத் திருகித்தான் அனுப்ப வேண்டும். "அவசரப்பட்டு அமுக்கினா உள்ளே இருக்கிற மரை போயிடும். அப்புறம் காலிப்பரே புதுசு வாங்கணும்" என்றார் பாய்.

டிஸ்க்குகளை மாற்றவில்லை. டிஸ்க் எவ்வளவு கனம் வரை தேயலாம் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. எங்களுடையதில் எட்டு மில்லி மீட்டர். அளந்ததில் எட்டரைக்கு மேல் இருந்தது, ஆழமான கோடும் இல்லை. இதைச் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. பேட் முழுவதும் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசி, டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருந்தாலோ கனம் குறைந்திருந்தாலோ தயங்காமல் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயிலையும் மாற்றினார். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் குமிழி கட்டி, பெடல் மிதிக்க மிதிக்க உள்ளே போகுமாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. எல்லாம் சேர்த்து ஒர்க் ஷாப்காரர் சொன்னதில் பாதிக்கும் சற்று அதிகமாகத்தான் ஆயிற்று. எனக்குப் பெரிதாகப் பட்டது பணம் அல்ல. பதினாலாயிரம் கொடுத்திருந்தாலும் துருப்பிடித்த கேபிளும் பின்னும் அப்படியே இருந்திருக்கும். புதுப் பேட்டும் புது டிஸ்க்குமாகச் சேர்த்துத் தின்றிருக்கும்.

நாம் வீட்டிலேயே கவனிக்கக் கூடியவை

சகோதரிகளே, காலிப்பரை நாம் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் கண், மூக்கு, காது, கை நாலும் நமக்கு இருக்கின்றன.

கண்: வண்டி கழுவும்போது பின் சக்கரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கறுப்புப் பொடி அதிகமா? ஒரு டிஸ்க் மட்டும் கோடு கோடாக இருக்கிறதா? பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தாலும் சும்மா ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். கசிவு இருந்தாலும் இறங்கும். எது என்று பார்க்க வேண்டும்.

மூக்கு: ஓட்டி நிறுத்தியதும் தீய்ந்த வாடை வந்தால் எந்தச் சக்கரத்திலிருந்து என்று சுற்றி வந்து பாருங்கள்.

காது: பிரேக் போடும்போது 'கிறீச்' என்றால் பேட் தேய்ந்து வருவதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். 'கரகர' என்று அரைத்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

கை: அதிகம் பிரேக் போடாமல் பத்து கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். தோசைக் கல் காய்ந்துவிட்டதா என்று மேலே உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்போமே, அப்படிச் சக்கரத்துக்கு அருகே கையைக் காட்டுங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அது பிடித்துக் கொண்டு ஓடுகிறது. ஆனால் தோசைக் கல்லில் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்துப் பார்க்காதீர்கள். கொதிக்கிற டிஸ்க் கோணிப் போகலாம்.

கூடவே சில எச்சரிக்கைகள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே யாரும் தலையை விடக் கூடாது. ஸ்டாண்ட் வைக்க வேண்டும். பிரேக் பொடியை ஊதவோ, காய்ந்த துணியால் தட்டவோ கூடாது. பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது உண்டு. எதுவானாலும் அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தவழும் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பல நாள் வண்டியை நிறுத்தி வைப்பதானால், சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விடலாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் என்ஜினோடு நாலு சக்கரத்துப் பிரேக்கையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒர்க் ஷாப்பில் இரண்டு கேள்வி கேளுங்கள். "கழட்டின பேட் நாலையும் காட்டுங்க." "இது மட்டும் ஏன் தேய்ஞ்சுது?" ஏன் என்பதற்குப் பதில் வராத இடத்தில் பேட்டை மாற்றுவது ஜுரத்துக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போடுகிற மாதிரிதான்.

இருபது வளைவுகள்

சொன்னபடி பத்தாம் நாள் கிளம்பினோம். பின் சீட்டில் குழந்தைக்கான இருக்கையைக் கட்டிப் படுக்க வைத்து, பக்கத்தில் அக்கா மகள். என் கணவர் முன்னால் என் பக்கத்தில். விழுப்புரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது நான் இறங்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையைக் காட்டிக் கொண்டு வந்தேன். "சித்தி, சக்கரத்துக்கு ஆரத்தி எடுக்கிறீங்களா?" என்று சிரித்தாள் அவள்.

அக்கா பேரனை மடியில் போட்டுக் கொண்டு அழுத அழுகையைப் பற்றி எழுத இது இடமல்ல. மூன்றாம் நாள் நாங்கள் இருவரும் இறங்கினோம். பாய் சொல்லி அனுப்பியபடி பிரேக்கிலேயே காலை வைத்திராமல், இரண்டாவது கியரில், வளைவுக்கு முன்னால் மட்டும் மிதித்து மிதித்து வந்தேன். அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டியதும், நான் கதவைத் திறப்பதற்குள் என் கணவர் இறங்கிப் போய் பின் சக்கரம் இரண்டுக்கும் மாறி மாறிக் கையைக் காட்டிக் கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே சூடுதான்" என்றார். "ஆனா இடது பக்கம் சேறு ஜாஸ்தி!"